பத்துக் கிழங்கு 980 யென்: ஹிகன்பானா நட்டு மூன்று இலையுதிர்காலம்

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன், அவசரக்காரர்கள் அதோடு போய்விடலாம். கிழங்குக்கு ஐந்துக்கு நாலரை. அதோடு வந்த அட்டைக்கு ஒன்று, அதுவும் படம் நன்றாக இருந்ததால். பிறகு இணையத்தில் வேறொருவரிடம் 'வெள்ளை' என்று வாங்கிய கிழங்குக்கு மதிப்பெண்ணே கிடையாது, அது தனிக்கதை, பின்னால் வரும்.

2023 ஜூலையில் வாங்கினேன். ஜப்பானில், டோக்கியோவுக்குப் பக்கத்துச் சைதாமாவில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஹோம் சென்டரில், உரமூட்டைகளுக்கும் கொசுவர்த்திச் சுருளுக்கும் நடுவில், ஆரஞ்சு நிற வலைப்பையில் தொங்கிக்கொண்டிருந்தது. பத்துக் கிழங்கு, 980 யென், வரி தனி. அட்டையில் தீ எரிவது மாதிரி ஒரு சிவப்புப் பூ. பெயர் ஹிகன்பானா. ஜப்பானில் செப்டம்பர் மாதம் ரயிலில் போனவர்கள் ஜன்னல் வழியாகக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள், வயல் வரப்பில் யாரோ சிவப்பு நாடாவைப் பிரித்துப் போட்ட மாதிரி நீளமாக ஓடும். ஒரே வாரம்தான். அடுத்த வாரம் அதே ரயிலில் போனால் இருக்காது.

பையைக் கொண்டுவந்து சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினேன். அப்போது அம்மா கும்பகோணத்திலிருந்து வந்திருந்தார். சாம்பாருக்குப் பெரிய வெங்காயத்தையே நறுக்கிப் போட்டு அலுத்துப்போயிருந்த மனுஷி, பையைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "ஏன்டி, இங்கயும் சின்ன வெங்காயம் கிடைக்குதா? சொல்லவே இல்ல பாரு!" நல்லவேளை, நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மேல்தோல் வெங்காயத்தைவிடக் கருப்பு, காய்ந்த பழுப்பு, ஆனால் வடிவம் அச்சு அசல் அதேதான், உரித்தால் உள்ளே அதே அடுக்கு. கிழங்கு முழுக்க விஷம். லைகோரின் என்று ஒரு பொருள் இருக்கிறது, தின்றால் வாந்தியும் பேதியும் நிச்சயம். இதைப் பற்றி அட்டையின் பின்பக்கத்தில், எறும்பு சைஸ் எழுத்தில், கடைசி வரியாக 'உண்ணத்தக்கதல்ல' என்று மட்டும் போட்டிருந்தது. ஒரு மதிப்பெண் தந்ததற்கு இது முதல் காரணம். வெங்காயம் மாதிரி இருக்கும் விஷத்தை வெங்காயம் வரும் வலைப்பையில் போட்டு விற்பவர்கள் அதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் சொல்லலாம். வீட்டில் நாய், பூனை, கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் குழந்தை இருந்தால் பையை உயரத்தில் மாட்டுங்கள். நட்ட பிறகு கையையும் கழுவிவிடுங்கள்.

இந்த விஷத்துக்காகத்தான் ஜப்பான்காரர்கள் இதை வரப்பில் வைத்தார்கள் என்பது சுவாரசியமான விஷயம். பெருச்சாளி மாதிரி வளை தோண்டும் மோல் என்று ஒன்று இங்கே உண்டு, வரப்பைக் குடைந்து தண்ணீரை வடியவிட்டுவிடும். எலியும் அப்படித்தான். வரப்பு ஓரமெல்லாம் இந்தக் கிழங்கை நட்டுவிட்டால் அவை அந்தப் பக்கம் வராது என்பது கணக்கு. உடலை எரிக்காமல் புதைத்த காலத்தில் கல்லறையைச் சுற்றி நட்டதும் இதற்காகத்தான். அப்புறம் பஞ்சம் வந்தால் இதே கிழங்கைத் தோண்டி, அரைத்து, தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, விஷத்தைக் கழுவிவிட்டு அடியில் தங்கும் மாவைத் தின்றிருக்கிறார்கள். லைகோரின் தண்ணீரில் கரையும் என்பதால் இது சாத்தியம். தயவுசெய்து யாரும் முயற்சி செய்து பார்க்க வேண்டாம், எத்தனை தடவை அலசினால் போதும் என்பது அந்தக் காலத்துப் பாட்டிகளுக்குத் தெரிந்த கணக்கு. இதே கிழங்கில் கலான்டமைன் என்ற பொருளும் இருக்கிறது, மறதி நோய்க்கு மருந்தாகக் கொடுக்கிறார்களே, அதுதான்.

சரி, செடிக்கு வருகிறேன்.

அட்டையில் சொன்னது இவ்வளவுதான்: வெயில் படும் இடத்தில் நடவும், செப்டம்பரில் பூக்கும். நான் அதை நம்பி ஜூலைக் கடைசியில் பின்பக்கத்து மண்ணில் ஏழும், ஒரு தொட்டியில் மூன்றும் வைத்தேன். மண்ணில் என்றால் கிழங்கின் மேல் ஒரு கிழங்கு உயரத்துக்கு மண் போதும், தொட்டியில் என்றால் கழுத்து வெளியே தெரிகிற மாதிரி மேலாக வைக்கலாம், நெருக்கமாக வைத்தால் கோபித்துக்கொள்ளாது. இதையெல்லாம் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அப்போது குத்துமதிப்பாகப் புதைத்துவிட்டுத் தினமும் போய்ப் பார்த்தேன். ஆகஸ்ட் முழுக்க ஒன்றுமில்லை. செப்டம்பர் பாதி, ஒன்றுமில்லை. மண் வெறும் மண்ணாகக் கிடந்தது. 980 யென் போனது என்று முடிவு செய்து, திட்டி ஒரு விமர்சனம் எழுதப் பாதி வரை தட்டிவைத்தேன்.

ஒரு மழைக்கு மறுநாள் காலை பார்த்தால் வெறும் தரையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு தண்டு நிற்கிறது. இலை இல்லை, கிளை இல்லை, சும்மா பச்சைப் பென்சிலைக் குத்திவைத்த மாதிரி. நுனியில் மெல்லிய தோல் உறைக்குள் மொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கூப்பிய கை மாதிரி இருந்தன. அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது நன்றாகவே உயர்ந்திருந்தது. ஒரே வாரத்தில் முழங்கால் உயரம். உறை கிழிந்து ஆறு மொட்டுகள், வட்டமாக, வெளியே பார்த்தபடி. ஒவ்வொரு மொட்டும் ஒரு தனிப் பூ, ஆறும் சேர்ந்துதான் தூரத்திலிருந்து ஒரே பூவாகத் தெரிகிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இதழ்கள் குறுகல், ஓரம் கொஞ்சம் நெளிந்து, பின்பக்கமாகச் சுருண்டுகொள்ளும். அதிலிருந்து மகரந்தத் தண்டுகள் இதழைவிட நீளமாக நீட்டி, நுனி மேல்நோக்கி வளைந்து நிற்கும். செங்காந்தளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உடனே அந்த ஞாபகம் வரும், இரண்டுக்கும் சொந்தம் எதுவும் இல்லை, ஆனால் அதுவும் கிழங்குதான், அதுவும் விஷம்தான், அதுவும் தீ மாதிரிதான் பூக்கும். மணம் என்று சொல்ல ஒன்றுமில்லை, மூக்கை வைத்துப் பார்த்துவிட்டேன். பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்று மட்டும் இரண்டு நாள் விடாமல் வந்தது.

முதல் வருடம் பத்தில் இரண்டுதான் பூத்தன. அட்டையில் பத்துக்கும் சேர்த்துத் தீப்பிடிக்கிற மாதிரி படம் போட்டவர்கள், இடம் மாற்றி நட்டால் முதல் வருடம் இந்தச் செடி பெரும்பாலும் முரண்டு பிடிக்கும் என்று ஒரு வரி போட்டிருந்தால் நான் இவ்வளவு மனசு உடைந்திருக்க மாட்டேன். ஒரு பூ நாலைந்து நாள் நன்றாக இருந்தது. பிறகு சாயம் போன ரவிக்கை மாதிரி வெளிறி, தொங்கி, முடிந்தது. நானும் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

இங்கேதான் அட்டை மறைத்த பெரிய விஷயம். அக்டோபரில், பூவெல்லாம் போன பிறகு, பத்து இடத்திலும் இலை வந்தது. பூக்காத எட்டிலும்தான். கத்தரித்துவிட்ட மாதிரி குறுகலான, கரும்பச்சை இலை, நடுவில் வெளிறிய கோடு ஒன்று மேலிருந்து கீழ் வரை ஓடும். சுற்றிலும் எல்லாச் செடியும் காய்ந்து, மரங்கள் மொட்டையாகி, ஜனவரிக் குளிரில் நான் கையுறை போட்டுக்கொண்டு குப்பை கொட்டப் போகும்போது இது மட்டும் பளிச்சென்று பச்சையாக நிற்கிறது. பனி விழுந்த அன்றைக்கும் நின்றது. யோசித்துப் பார்த்தால் கெட்டிக்காரத்தனம். மரங்கள் இலையைக் கொட்டிவிட்ட நேரம், வயலில் அறுப்பு முடிந்த நேரம், வெயிலுக்குப் போட்டியே இல்லை. குளிர்காலம் முழுக்க அந்த வெயிலை வாங்கிக் கிழங்குக்குள் சேர்த்துவைத்துவிட்டு, மே மாதம் எல்லோரும் தழைக்கும்போது இது மட்டும் மஞ்சளாகிப் படுத்துவிடும். கோடை முழுக்கத் தூக்கம். செப்டம்பரில் சேமிப்பை எடுத்து ஒரே வாரத்தில் செலவு செய்துவிடும், கல்யாணம் பண்ணுகிற மாதிரி.

அதனால் கடையில் நாம் பூவுக்குக் காசு கொடுத்தாலும் வாங்குவது என்னவோ இந்த இலையைத்தான். இலை எவ்வளவு நாள் நின்றதோ அந்த அளவுக்குத்தான் அடுத்த வருடப் பூ. பூ முடிந்ததும் தண்ணீரை நிறுத்தி, 'என்ன இது புல் மாதிரி அசிங்கமாக' என்று இலையை வெட்டிப்போட்டால் முடிந்தது கதை. என் தோழி ஒருத்தி டோக்கியோவில் நிஷிகசாயில் பால்கனித் தொட்டியில் வைத்து, டிசம்பரில் இலையை மழமழவென்று வெட்டிவிட்டு, இரண்டு வருடமாகப் பூக்கவில்லை என்று கிழங்கைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். தானாக மஞ்சளாகிற வரை தொடக்கூடாது. தொட்டியில் இருந்தால் இலை இருக்கும் மாதங்களில்தான் தண்ணீர் முக்கியம், கோடையில் மறந்துபோனால் ஒன்றும் ஆகாது. உரம் கொஞ்சம், பூ முடிந்ததும் ஒரு தடவை, அவ்வளவுதான்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். 2024 மே கடைசியில் இலை போனதும் அந்த இடம் காலியாகத் தெரிந்தது, அடையாளக் குச்சி எதுவும் நான் வைக்கவில்லை, வெண்டை நாற்று நடக் கொத்தியபோது இரண்டு கிழங்கை நடுவாக வெட்டிவிட்டேன். வெள்ளையாக, வழவழவென்று சாறு. ஒன்று அழுகிவிட்டது. இன்னொன்றை எதற்கும் இருக்கட்டும் என்று ஓரமாகப் புதைத்துவைத்தேன், அடித்தட்டு ஒட்டியிருந்த துண்டுகளிலிருந்து இப்போது பூண்டுப் பல் சைஸில் குட்டிகள் வந்திருக்கின்றன. அவை பூக்க இன்னும் பல வருடம் ஆகும். குச்சி வையுங்கள்.

நட்ட புதிதில் பக்கத்து வீட்டுப் பாட்டி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டுச் சிரிக்கவும் முடியாமல் பேசாமல் இருக்கவும் முடியாமல் நின்றார். எண்பதைத் தாண்டியவர், எதையும் நேராகச் சொல்லமாட்டார். "அழகாகத்தான் இருக்கிறது" என்று இழுத்தார். அப்புறம் மெதுவாக, சின்ன வயதில் இதைப் பறித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது அவர் அம்மா வாசலிலேயே தட்டிவிட்டதைச் சொன்னார். வீட்டுக்குள் கொண்டுவந்தால் வீடு தீப்பிடிக்குமாம். பறித்தால் கை அழுகுமாம். விஷக் கிழங்கைக் குழந்தைகள் தோண்டாமல் இருக்கப் பெரியவர்கள் கட்டிய கதை என்று நமக்குப் புரிகிறது, அவருக்கும் புரிகிறது, ஆனாலும் அவர் இன்றுவரை இந்தப் பூவை ஜாடியில் வைத்ததில்லை.

பெயர்களைப் பார்த்தாலே தெரியும். ஷிபிதோபானா, செத்தவர் பூ. யூரெய்பானா, பேய்ப்பூ. ஜிகொக்குபானா, நரகப்பூ. சுதெகோபானா, அதாவது அம்மா அப்பா விட்டுப்போன குழந்தையின் பூ, ஏனென்றால் பூ வரும்போது இலை இல்லை, இலை வரும்போது பூ இல்லை. கிட்சுனேபானா, நரிப்பூ. ஊருக்கு ஊர் வேறு வேறு, மொத்தம் ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது என்கிறார்கள். எனக்குப் பிடித்தது ஹாமிசு ஹனாமிசு: இலையும் பார்க்காது, பூவும் பார்க்காது. கொரியாவிலும் இதே கவலைதான், அங்கே இதன் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி ஒரு செடிக்கு ஏக்கப் பூ என்று அர்த்தம் வரும் பெயர், சாங்சாஹ்வா, ஒருவரையொருவர் பார்க்காமலே உருகும் காதலர்கள் என்று. அங்கே சொனுன்சா மாதிரி புத்தக் கோயில்களைச் சுற்றி இந்தச் சிவப்புப் பூ ஏராளம்.

ஹிகன் என்றால் அக்கரை. இக்கரை நாம் இருக்கும் உலகம், அக்கரை இறந்தவர்கள் போய்ச் சேரும் இடம். செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாளுக்கு முன்னால் மூன்று நாள், பின்னால் மூன்று நாள், ஆக ஏழு நாளைக்கு ஹிகன் என்று பெயர், நடு நாள் அரசு விடுமுறை. அன்றைக்குச் சூரியன் நேர் மேற்கில் மறையும், அமிதா புத்தரின் தூய நிலம் என்ற சொர்க்கமும் மேற்கில்தான் இருக்கிறது என்பது நம்பிக்கை, அதனால் அக்கரை அன்றைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிடுகிறது. குடும்பத்தோடு போய்க் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, ஓஹாகி என்று ஒரு இனிப்பு செய்து படைப்பார்கள், கொழுக்கட்டையை உள்வெளியாகத் திருப்பிப்போட்ட மாதிரி, சோறு உள்ளே, இனிப்புப் பயறு வெளியே. இந்தப் பூ பெரும்பாலும் அந்த வாரம் பார்த்துத்தான் வரும், பெயரும் அதனால்தான்.

2025இல் செப்டம்பர் 20ஆம் தேதி ஹிகன் தொடங்கியது. அன்று அம்மா போனில், "நாளைக்கு மகாளய அமாவாசை, தம்பி காவேரிக்குப் போறான், நீ அங்க காக்காவுக்காவது சாதம் வை" என்றார். இங்கே காக்கைக்குச் சோறு வைத்தால் அக்கம்பக்கத்தில் புகார் கொடுத்துவிடுவார்கள், அது வேறு பிரச்சினை. ஆனால் இரண்டு ஊரும் ஒரே வாரத்தில் செத்தவர்களை நினைத்துச் சோறு வைத்துக்கொண்டிருந்தது எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவுக்குப் பூவைக் காட்டினேன். "அப்பா படத்துக்கு வைக்கலாமாடி?" என்று கேட்டார். பாட்டி சொன்ன தீ விஷயத்தைச் சொன்னதும் "வேணாம் வேணாம், அங்கயே இருக்கட்டும்" என்று உடனே பின்வாங்கிவிட்டார்.

இதே பூவுக்கு எதிர்த்திசையில் ஒரு பெயரும் இருக்கிறது: மஞ்சுஷாகே. வடமொழி மஞ்சூஷகம்தான் சீனம் வழியாக நடந்து வந்து இப்படி ஆகியிருக்கிறது. தாமரைச் சூத்திரம் என்ற பௌத்த நூலில் புத்தர் மேல் வானத்திலிருந்து பொழியும் பூக்களில் ஒன்று, மந்தாரத்தோடு சேர்த்து வரும். ஒரே செடிக்கு நரகப்பூ என்றும் வானத்துப் பூ என்றும் பெயர் வைத்த ஊர் இது. பூக்களுக்கு அர்த்தம் சொல்லும் பட்டியல்களிலும் இதே குழப்பம், சோக நினைவு என்றும் போட்டிருக்கும், மறுபடி சந்திக்கும் நாளுக்குக் காத்திருக்கிறேன் என்றும் போட்டிருக்கும். என் பை அட்டையில் 'பேரார்வம்' என்று மட்டும் இருந்தது. விற்கிறவருக்கு எது வசதியோ அது.

அட்டையில் இன்னொன்றும் இருந்தது, 'தேர்ந்தெடுத்த உயர்தரச் சிவப்பு ரகம்' என்று. இதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். ஜப்பானில் இருக்கும் சாதாரண ஹிகன்பானா விதையே விடாது. குரோமோசோம் மூன்று செட், மொத்தம் 33, அதனால் மலடு. நம் பூவன், ரஸ்தாளி மாதிரிதான். சீனாவிலிருந்து எப்போதோ, அநேகமாக நெல்லோடு சேர்ந்து, வந்த கிழங்கு பிரிந்து பிரிந்து, மனிதர்கள் கையால் வரப்புக்கு வரப்பு போய், வாழையடி வாழையாக நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. மரபணுவில் ஏறக்குறைய எல்லாம் ஒன்றுதான். அதனால்தான் ஒரு ஊரில் எல்லாமே சொல்லிவைத்த மாதிரி ஒரே நாளில் பூக்கிறது. இதில் என்ன தேர்வு, என்ன உயர்தரம்? பருத்த கிழங்கு, மெலிந்த கிழங்கு என்பதுதான் வித்தியாசம். விதை விடும் வகை சீனாவில் உண்டு, சின்னதாக இருக்கும், கொஞ்சம் முன்னாலேயே பூத்துவிடும், அது இந்தப் பையில் வருவது இல்லை.

இப்போது வெள்ளைக்கதை. 2024 ஜூலையில், சிவப்புக்குப் பக்கத்தில் வெள்ளை இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஆசைப்பட்டு, இணையத்தில் தனியாள் ஒருவரிடம் ஐந்து கிழங்கு 2,500 யென் கொடுத்து வாங்கினேன். அழகாகக் கட்டி, நன்றிக் குறிப்பெல்லாம் வைத்து அனுப்பியிருந்தார். முதல் இலையுதிர்காலம் ஒன்றும் பூக்கவில்லை, அது எதிர்பார்த்ததுதான். இலை வந்தது, குளிர்காலம் போனது, கோடை போனது. 2025 செப்டம்பர் கடைசியில் இரண்டு தண்டு கிளம்பியது, மொட்டு நுனியில் லேசாகச் சிவப்பு தெரிந்தபோதுகூட வெள்ளை வகையில் சிலசமயம் இளஞ்சிவப்புச் சாயல் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். விரிந்தது. ரத்தச் சிவப்பு. விற்றவருக்குப் படத்தோடு எழுதினேன், பொருள் கைக்கு வந்து ஏழு நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும் என்று பணிவாகப் பதில் வந்தது. பதினான்கு மாதம் கழித்துத்தான் நிறம் தெரியும் பொருளுக்கு ஏழு நாள் கெடு! பணத்தைவிட அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆனால் இதில் என் பங்கும் உண்டு. பாட்டியிடம் புலம்பினேன். அவர் ஆச்சரியமே படவில்லை. "போன நவம்பரிலேயே பார்த்தேன், இலை சிவப்பு இலையாக இருந்தது, நீங்கள் சிவப்புதான் வாங்கியிருக்கிறீர்கள் என்று நினைத்தேன்" என்றார். வெள்ளைக்கு இலை கொஞ்சம் அகலமாக, வெளிர்பச்சையாக இருக்குமாம். சிவப்புக்குத்தான் அந்தக் குறுகலான கரும்பச்சையும் நடுக்கோடும். பூவுக்காக நான் காத்திருந்தபோது குளிர்காலம் முழுக்கப் பதில் தரையில் பச்சையாக நின்றுகொண்டிருந்திருக்கிறது. அப்போதே தெரிந்திருந்தாலும் ஏழு நாள் தாண்டித்தான் இருக்கும், அது வேறு.

நட்டு வளர்க்கப் பொறுமையில்லை, பார்த்தால் போதும் என்பவர்களுக்குக் கின்சாகுதா. இதே சைதாமாவில் ஹிதாகா ஊரில். டோக்கியோவின் இகெபுகுரோவிலிருந்து செய்பு ரயிலில் ஹன்னோ போய் மாறி கோமா நிலையத்தில் இறங்கி ஒரு கால் மணி நேரம் நடந்தால் போதும். கின்சாகு என்றால் சுருக்குப்பை. கோமா ஆறு வளைந்து வளைந்து ஒரு இடத்தைச் சுருக்குப்பை வடிவத்தில் சுற்றிப் போகிறது, அதனால் அந்தப் பெயர், பக்கத்தில் ஹிவாதா மலை 305 மீட்டர்தான், ஏறிப் பார்த்தால் சுருக்குப்பை தெரியும். நிலையத்து வாசலில் கொரியக் காவல் கம்பங்கள் இரண்டு நிற்கும், முறைத்தபடி. கொகுர்யோ என்ற பழைய கொரிய நாட்டிலிருந்து வந்து கிழக்கு ஜப்பானில் அங்கங்கே இருந்த 1,799 பேரை 716இல் இங்கே குடியமர்த்தினார்களாம், கோமா என்ற பெயரே அதிலிருந்துதான்.

நான் போனது 2024 அக்டோபர் முதல் சனிக்கிழமை. அந்த வருடம் செப்டம்பர் வெயில் போகவே இல்லை, என் வீட்டிலும் பூ அக்டோபரில்தான் வந்தது, அதனால் அங்கேயும் தாமதமாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டுப் போனேன், சரியாக இருந்தது. ஹிகன் வாரத்து விடுமுறையை நம்பி முன்னாலேயே போனவர்கள் தண்டைத்தான் பார்த்திருப்பார்கள். தேதி பார்த்துப் போகாதீர்கள், போகிற அன்று காலை எவ்வளவு பூத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். திருவிழா நாட்களில் நுழைவு 500 யென். ஆற்றோரத்து மரங்களுக்கு அடியில், தரையே தெரியாமல் சிவப்பு. ஐம்பது லட்சம் பூ என்கிறார்கள், எண்ணிப்பார்க்க நான் முயலவில்லை. 1970களின் தொடக்கத்தில் நகராட்சி அந்த இடத்தை வாங்கிப் புதரை வெட்டியபோதுதான் அடியில் இவ்வளவு இருப்பதே தெரிந்ததாம், ஆறு மேலேயிருந்து கிழங்குகளை அடித்துக்கொண்டுவந்து இங்கே சேர்த்திருக்கிறது. யாரும் தோட்டமாக நடவில்லை என்பது அங்கே நடந்தால் தெரிகிறது, வரிசை கிடையாது, பாத்தி கிடையாது.

கூட்டம் பயங்கரம். பத்து மணிக்கே பாதை நெரிசல், எல்லோரும் ஒரே வளைவில் நின்று படம் எடுக்கிறார்கள். எட்டு மணிக்கு முன் போனால் மரத்திடையே சாய்ந்து விழும் வெயிலில் பூ உள்ளிருந்து எரிகிற மாதிரி இருக்கும். நான் எட்டரைக்குப் போய் அதன் கடைசிப் பத்து நிமிடத்தைப் பிடித்தேன். கடைகளில் சாப்பாட்டுக்கு வரிசை, கையில் எடுத்துப் போங்கள். 500 யென்னுக்கு நிச்சயம் தகும். ஜனவரியில் ஒருமுறை சும்மா போய்ப் பார்த்தேன், அதே மரங்களுக்கு அடியில் முழுக்க இலை, பச்சைப் பாய் விரித்த மாதிரி. யாருமே இல்லை, டிக்கெட்டும் இல்லை.

வாங்குவதாக இருந்தால் இன்னும் இரண்டு வார்த்தை. கடைக்கு வருவது ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை, அதற்குள் நட்டுவிட வேண்டும். செப்டம்பரில் மிச்சமிருப்பதை அரை விலைக்குத் தள்ளுவார்கள், பையிலேயே வெளிறிய தண்டு விட்டிருக்கும், அதையும் வாங்கலாம், ஆனால் பூ அடுத்தடுத்த வருடம்தான். பையை அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருக்க வேண்டும், அடியில் ஒன்று மெத்தென்றிருந்தாலும் வைத்துவிடுங்கள். சைஸ் பெரிதாக இருந்தால் பூக்கும் வாய்ப்பு அதிகம். ஆழமாகிவிட்டதோ மேலாகிவிட்டதோ என்று ரொம்பக் கவலைப்பட வேண்டாம், இதன் வேர்களில் சில சுருங்கிக் கிழங்கைத் தானே கீழே இழுத்துக்கொள்ளும். வெள்ளை வேண்டுமென்றால் பூத்திருக்கும்போதே தொட்டியோடு வாங்குங்கள், விலை அதிகம்தான், என் 2,500ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஒருதடவை நட்டால் நாலைந்து வருடம் அசைக்காதீர்கள்.

என்னுடையது இப்போது: முதலில் வாங்கிய பத்தில் வெட்டுப்பட்டது போக எட்டு, இந்தச் செப்டம்பரில் எட்டும் பூத்தன, இரண்டு இடத்தில் கிழங்கு பிரிந்து இலைக்கொத்து இரட்டையாக வந்திருக்கிறது. நாலரை கொடுத்ததில் வருத்தமில்லை, அரை மதிப்பெண் குறைத்தது அந்த முதல் வருடக் காத்திருப்புக்காக.

ஏமாந்து வாங்கிய ஐந்தை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பாட்டியிடம் சும்மா கேட்டுவைத்தேன், அடுத்த ஜூனில் கிளப்பினால் இரண்டு வேண்டுமா என்று. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் நிபந்தனை உண்டு. கிழங்கு அவர் வீட்டு வாசற்படியைத் தாண்டக்கூடாது, வேலிக்கு மேலாகவே கொடுத்துவிட வேண்டும், குழியை நான் வந்து தோண்டித்தர வேண்டும், அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாராம்.